இடது நான்காம் சக்கரம்

சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்பார். அன்று காலை போனில் அந்தச் சிரிப்புதான் கேட்டது.

"என்னம்மா, மறுபடியும் நிறுத்திட்டியாமே? லோடு கொண்டு போறீங்களா, இல்ல ஊர்வலம் போறீங்களா?"

"ஹப் சூடாயிடுச்சு சித்தப்பா. இடது பக்கம் நாலாவது சக்கரம். நூறு டிகிரியத் தாண்டிடுச்சு."

"வெயில்ல எல்லாந்தான் சூடாகும். என் மண்டைகூடத்தான் சூடாயிருக்கு. அதுக்காக நான் ரோட்டோரமா படுத்துட்டேனா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் தம்பி கீழே குனிந்து செருப்பில் ஒட்டிய தாரைச் சுரண்டுவது போல நடித்தான். ரேடியோ அண்ணன் சத்தமாகவே சிரித்தார். சித்தப்பா சொன்னால் அது நகைச்சுவைதான். சிரிக்காவிட்டால் அடுத்த நகைச்சுவை நம்மைப் பற்றியதாக இருக்கும்.

நாங்கள் கொண்டு போய்க்கொண்டிருந்தது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். தெருமுனைக் கம்பத்தில் தொங்குகிற சின்னப் பெட்டி இல்லை. ஒரு மாடி வீட்டை அப்படியே பெயர்த்து, தார்ப்பாயைப் போர்த்தி, எட்டு ஆக்ஸில் டிரெய்லரின்மேல் படுக்க வைத்தது போன்ற ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் கடலைத் தொலைத்துவிட்ட கப்பல் ஒன்று சாலையில் தேடிக்கொண்டு போவது போல இருக்கும். முன்னால் இழுவை வண்டியில் தம்பி. டிரெய்லரின் வாலில் ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் உட்கார்ந்து பின்சக்கரங்களைத் திருப்புகிறவர் ரேடியோ அண்ணன். பேச ஆரம்பித்தால் அணைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். எல்லாருக்கும் முன்னால், தலையில் சிவப்பு விளக்கு சுழல, பைலட் வண்டியில் நான்.

என் வேலை எதிரே வருகிறவர்களை ஒதுக்குவது மட்டுமில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை இருந்தது. டிரெய்லரின் எட்டு ஆக்ஸில்களிலும், இடமும் வலமுமாக, ஒவ்வொரு ஹப்பும் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும், சூடு மிஞ்சினால் கத்தும். ஹப் என்றால் சக்கரத்தின் தொப்புள். அதற்குள் பேரிங், பேரிங்கைச் சுற்றிக் கிரீஸ். கிரீஸ் செத்தால் இரும்போடு இரும்பு உரசும். உரசினால் சூடு, சூடு மிஞ்சினால் டயரில் நெருப்பு. நெருப்பு பிடிக்காவிட்டால் இன்னும் மோசம், சக்கரம் கழன்று தனியாகப் புறப்பட்டுவிடும். அப்படிப் புறப்பட்ட சக்கரம் யார் பேச்சையும் கேட்காது.

இந்தத் திரையைப் பொருத்தச் சொன்னது டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தக்காரர்கள். பொருத்தாவிட்டால் லோடு கிடையாது என்றுவிட்டார்கள். சித்தப்பா வேறு வழியில்லாமல் பொருத்தினார். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றபோது, அவர் அலுவலகத்தில் நாளெல்லாம் போன் எடுத்து எடுத்துக் காது மரத்துப்போயிருந்த நான், "நான் போறேன்" என்றேன். "பொண்ணு எதுக்கும்மா ரோட்டுல?" என்றார். நான் விடவில்லை. அவர் சாப்பிடும்போது கேட்டேன், சவரம் செய்யும்போது கேட்டேன், தூங்கி எழுந்ததும் கேட்டேன். தொல்லை தாங்காமல் சாவியை மேசைமேல் வீசினார். அந்தச் சாவியைப் பிடித்த நாளிலிருந்து எனக்கு ஜன்னல் என்றால் ஓடுகிற ஜன்னல்தான்.

"இங்க பாரும்மா," என்றார் போனில். சிரிப்பு நின்றுவிட்டது. "நான் கீழ பாலத்துல நிக்கிறேன். சாயந்திரம் வரைக்கும்தான் பாலத்த நமக்குக் காலி பண்ணி வெச்சிருக்காங்க. அதத் தாண்டினா அடுத்து எப்போ குடுப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. இன்னொரு தடவ அந்தப் பெட்டி கத்தி வண்டி நின்னுச்சுன்னு வெச்சுக்க, நீ ஆபீசுக்கு வந்து போன் எடு. ரேடியோவோட மச்சான் சும்மாத்தான் இருக்கான், அவன் பைலட் வண்டிய ஓட்டட்டும்."

"அவனுக்குத் திரையப் பாக்கத் தெரியாது சித்தப்பா."

"அதான் எனக்கு வேணும்."

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, சாலையோரப் புதருக்கு அந்தப் பக்கம் போய் அவரோடு சண்டை போட்டேன். அவர் சொன்னதையே சொன்னார், நானும் சொன்னதையே சொன்னேன். வழக்கமாக வண்டி நின்றால் நான் டிரெய்லரைச் சுற்றி நடந்து, புறங்கையால் ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பேன். அன்று தொடவில்லை. திரும்பி வந்தபோது தம்பி கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆறிடுச்சுக்கா. நான் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டேன். கிளம்பலாமா?"

"நாலாவது?"

"தொட்டில்ல போட்டுத் தூங்க வைக்கலாம், அவ்வளவு சாதுவா இருக்கு."

ரேடியோ அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது மழை மேலிருந்து கீழே பெய்யாமல் இருப்பது போல. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் காதில் சித்தப்பாவின் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் எல்லாம் அழகாக இருந்தது. திரையில் எண்கள் பச்சையாக, வரிசையாக, எட்டு மாடிக் கட்டடத்தில் விளக்கு எரிகிற ஜன்னல்களைப் போல நின்றன. எல்லாம் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில். நான் மூச்சு விட்டேன். பாலத்தைப் பற்றி யோசித்தேன், சித்தப்பாவின் முகத்தைப் பற்றி யோசித்தேன், வண்டி நேரத்துக்குப் போய் நிற்கும்போது "எப்படி?" என்று ஒரு புருவத்தை மட்டும் தூக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கண்ணாடியில் புருவத்தைத் தூக்கிக்கூடப் பார்த்தேன்.

பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தேன்.

இடது நான்கு: நாற்பத்தொன்று.

முதலில் நல்லது என்றுதான் நினைத்தேன். சூடு இறங்கிவிட்டது, பாவம், கோபக்காரச் சக்கரம் சமாதானமாகிவிட்டது. அப்புறம் ஏதோ உறுத்தியது. காலையிலிருந்து வெயில் எங்கள் இடது பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதனால் இடது வரிசை எப்போதும் வலது வரிசையைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகவே காட்டும். எல்லாச் சக்கரமும் ஒரே பாரத்தைத்தான் தூக்குகிறது, ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. நிழலில் ஓடுகிற வலது நான்கு அறுபத்தைந்தில் இருக்கும்போது, வெயிலில் ஓடுகிற இடது நான்கு எப்படி நாற்பதில் இருக்கும்? அதுவும் கொஞ்சம் முன்னால் நூறைத் தாண்டிக் கத்திய சக்கரம்? காய்ச்சலில் கிடந்தவன் திடீரென்று எல்லாரையும்விடக் குளிர்ந்துபோனால் அவன் பிழைத்துவிட்டான் என்றா அர்த்தம்?

பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது மூன்று: நாற்பத்து நான்கு. இடது ஐந்து: நாற்பத்து மூன்று. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பொய் சொல்வது போல மூன்றும் ஒன்றாய்க் குளிர்ந்திருந்தன.

வாக்கி டாக்கியை எடுத்தேன். "தம்பி, நாலாவது நாப்பத்தொண்ணு காட்டுது."

"நல்லதுதானே?"

"நல்லது இல்லடா. மத்ததெல்லாம் அறுபதுக்கு மேல. இது மட்டும் எப்படி?"

"அய்யோ அக்கா!" குரலில் எரிச்சல் கொப்பளித்தது. "கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்புன்னா எப்படி? மாமியார் மாதிரி பேசுற."

"மேடு முடியிற இடத்துல ஒதுக்கு. ஒரு தடவ நான் தொட்டுப் பாத்துக்கிறேன்."

"முடியாது."

"என்னடா முடியாது?"

"நான்தான் பாத்தேன்னு சொன்னேன்ல. என் கையில நம்பிக்கை இல்லையா?"

வாக்கி டாக்கியைக் கீழே வைத்தேன். சாலை ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் லாரிகள் பிரேக்கைச் சரிபார்க்க நிற்கும் சமதளம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் சரிவு. ஆறு வரைக்கும் ஒரே இறக்கம், திருப்பத்துக்குத் திருப்பம். கடைசித் திருப்பத்தில் கடைகள், ஒரு பேருந்து நிறுத்தம், அப்புறம் பாலம். இறக்கம் முழுவதும் பிரேக் பிடித்துக்கொண்டே போக வேண்டும், பிரேக்கின் சூடும் ஹப்புக்குள்தான் போகும். நல்ல ஹப்பே அங்கே வியர்க்கும். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிற ஹப் அந்த இறக்கத்தில் தாங்காது. தாங்காவிட்டால் அவ்வளவு பாரமும் முதலில் தள்ளப்போவது முன்னால் உட்கார்ந்திருக்கும் என் தம்பியை.

அவனை அந்தச் சரிவில் இறங்க விடக் கூடாது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உச்சிக்கு வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். சமதளத்தில், சாலையின் குறுக்கே, பைலட் வண்டியைத் தாழ்ப்பாள் போட்டது போல நிறுத்தினேன். சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டே இருந்தது. கண்ணாடியில் இழுவை வண்டியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு நிமிடம் அவன் நிறுத்தாமல் வந்துவிடுவான் என்றே நினைத்தேன். பிறகு காற்று பிரேக்கின் பெருமூச்சு, ஒன்றன்பின் ஒன்றாக, தலையிலிருந்து வால் வரைக்கும். கப்பல் நின்றது.

தம்பி கதவைத் திறந்து குதித்தான். "பைத்தியமாக்கா உனக்கு? நடு ரோட்டுல! பின்னால நூறு டன் இருக்கு, தெரியுமா தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான்டா நிறுத்தினேன்."

"வண்டிய எடு."

"மாட்டேன்."

"வண்டிய எடுன்னா எடு!"

அவனைத் தள்ளிக்கொண்டு டிரெய்லரின் இடது பக்கம் நடந்தேன். அவன் என் கையைப் பிடித்தான். உதறினேன். மறுபடி பிடித்தான். "அக்கா, சொன்னாக் கேளு" என்றான், இந்தத் தடவை கத்தாமல். மறுபடியும் உதறிவிட்டு நடந்தேன்.

நான்காவது சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும்போதே நாற்றம் வந்தது. தீய்ந்த கிரீஸின் நாற்றம், அடிப்பிடித்த பாத்திரமும் மண்ணெண்ணெயும் சேர்ந்தது போல. தொட வேண்டிய அவசியமே இல்லை. புறங்கையை ஒரு சாண் தள்ளி நீட்டினேன், அடுப்பு வாயில் நீட்டியது போல இருந்தது. ஹப்பின் விளிம்பில் கறுப்பாக ஏதோ உருகி வழிந்து, டயரின்மேல் கோடு போட்டிருந்தது.

குனிந்து உள்பக்கம் பார்த்தேன். எங்கள் சென்சார்கள் சக்கரத்தோடு சுற்றாது. உள்பக்கம், பேரிங்கை ஒட்டி, ஆக்ஸிலின்மேல் ஒரு நாணயம் போல ஒட்டியிருக்கும். அந்த நாணயத்தின்மேல் ஈரச் சாக்குத் துணி சுற்றியிருந்தது. துணிக்கு மேலே, சட்டத்தில் கட்டுக்கம்பியால் தலைகீழாகக் கட்டிய ஒரு தண்ணீர் பாட்டில். மூடியில் ஓர் ஊசி ஓட்டை. சொட்டு, சொட்டு, சொட்டு என்று மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றுவது போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவதிலும் ஒரு பாட்டில். ஐந்தாவதிலும்.

நிமிர்ந்தபோது என் தலை சட்டத்தில் இடித்தது. வலி தெரியவில்லை.

"யார் வேலை இது?"

வாலிலிருந்து ரேடியோ அண்ணன் வந்து நின்றார். "தங்கச்சி, நான் அப்பவே சொன்னேன், வேணாம்னு சொன்னேன், கம்பிய மட்டுந்தான் நான் கட்டினேன், ஓட்ட போட்டது நான் இல்ல, ஊசி அவனோடது..."

"அண்ணே, வாய மூடுங்க" என்றான் தம்பி.

"நீ மூடுடா முதல்ல!" நான் கத்திய கத்தலில் எனக்கே தொண்டை எரிந்தது. "சித்தப்பா சொன்னாரா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"இல்லக்கா. அவருக்குத் தெரியாது. நான்தான் பண்ணேன்." அவன் என்னைப் பார்க்காமல் தார்ப்பாயின் கயிற்றைப் பார்த்தான். "இன்னொரு தடவ அந்தப் பெட்டி கத்தினா உன்ன ஆபீசுக்கு அனுப்பிடுவேன்னு சொன்னார்ல. அங்க போன எடுத்துட்டு வந்து ராத்திரியெல்லாம் நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? பெட்டி கத்தாம இருந்தா உன் வேலை இருக்கும். அவ்வளவுதான். நாப்பது கிலோமீட்டர், மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்."

"எனக்காகவா?"

"ஆமா."

இதைவிட அவன் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். சித்தப்பா சொல்லிச் செய்தான் என்றால் கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். இப்போது அதை எங்கே வைப்பது? கையில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

"நெருப்ப மடியில கட்டிக்கிட்டு, மேல தண்ணி தெளிச்சா அணைஞ்சிடுமாடா? பேரிங் வேகுது உள்ள. நீ தண்ணி ஊத்தினது சென்சாருக்கு. காய்ச்சல்காரன விட்டுட்டு தெர்மாமீட்டரக் குளிப்பாட்டி இருக்க!"

"எனக்குத் தெரியும்க்கா..."

"தெரிஞ்சுமா? தெரிஞ்சும் அந்தச் சரிவுல இறங்கப் பாத்தியா? முன்னால நான் ஒரு பச்ச எண்ணப் பாத்து சந்தோஷமா போயிட்டு இருக்கணும், பின்னால நீ உருண்டு வரணும். இதான் எனக்கு நீ வாங்கிக் குடுக்கிற வேலையா? கீழ பஸ்சுக்கு நிக்கிறவங்க யாருடா, உன் மாமனார் வீட்டுக்காரங்களா?"

"அதுக்கு மொதல்ல கல்யாணம் ஆகணுமே" என்றார் ரேடியோ அண்ணன், வாய் அடங்காமல். நான் பார்த்த பார்வையில் ஒரு அடி பின்னால் போனார்.

ஒவ்வொரு பாட்டிலாகப் பிடுங்கி எறிந்தேன். கம்பி விரலைக் கிழித்தது. துணிகளை உருவினேன். பைலட் வண்டிக்குத் திரும்பிவந்து திரையைப் பார்த்தேன். வண்டி நின்றிருக்கும்போதே எண்கள் ஏறின. நாற்பத்தொன்று எழுபதாகி, தொண்ணூறாகி, சிவப்பாகி, கத்த ஆரம்பித்தது. மூன்றாவது மெதுவாக ஏறி எண்பதில் நின்றது. ஐந்தாவது நிற்கவில்லை. அதுவும் சிவந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் முகம் வெளிறியது.

"ஐஞ்சாவதுமா?" என்றான்.

"நீ சும்மா ஒப்புக்குத்தானே அதுக்கும் பாட்டில் கட்டின?"

"மூணையும் ஒண்ணா வெச்சா உனக்குச் சந்தேகம் வராதுன்னு கட்டினேன்க்கா. அது நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா நல்லாத்தான் இருந்துச்சு."

நன்றாக இருந்தது எப்போது கெட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிவிக்க வேண்டியதன் வாயில்தான் துணியை அடைத்துவிட்டானே.

சித்தப்பா கீழிருந்து காரில் ஏறி வந்தார். கதவைச் சாத்தும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன, கூட்டுக் குடும்பமா நின்னு காத்து வாங்குறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ அண்ணன்கூட.

நான் ஹப்பைக் காட்டினேன். அவர் போய்க் குனிந்தார். அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர்தான். அப்போதெல்லாம் திரையும் கிடையாது, சென்சாரும் கிடையாது. ஹப்பில் எச்சில் துப்பிப் பார்ப்பார்களாம். சத்தம் வந்தால் நிற்க வேண்டும், வராவிட்டால் போகலாம். அதையே செய்தார். நான்காவதில் துப்பினார், சுர்ரென்றது. ஐந்தாவதில் துப்பினார், அதுவும் சுர்ரென்றது. எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளெல்லாம் நம்பிய சட்டப்படி பார்த்தால் இனிப் பேச ஒன்றும் இல்லை.

"நாலாவது ஆக்ஸிலத் தூக்கிக் கட்டிடலாம்" என்றார். "அது தரையில படாம மத்த ஏழும் தாங்கும். கிளம்புங்க."

"ஐஞ்சாவது?" என்றேன்.

"அது கீழ வரைக்கும் வரும்."

"துப்பினீங்களே. கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சு. வரும்னு சொல்றேன்ல. பாலம் போயிட்டா நமக்கு அடுத்த லோடு கிடையாது. இத்தன பேரு என்ன நம்பிச் சாப்பிடுறாங்க, உனக்கு அது புரியாது."

"ரெண்டு ஆக்ஸில் இல்லாம இந்த எடையோட அந்த இறக்கத்துல யாரு இறங்குவா? நீங்க இறங்குவீங்களா?"

"நான் உன் வயசுல..."

"இப்போ இறங்குவீங்களான்னு கேட்டேன்."

அவர் முகம் கறுத்தது. இதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கையை நீட்டினார். "சாவியக் குடு. நாளையிலேருந்து நீ ஆபீஸ்."

கொடுத்தேன். அந்த ஓடுகிற ஜன்னல் என் கையைவிட்டு அவர் கைக்குப் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது. அவர் சாவியை ரேடியோ அண்ணனிடம் வீசினார். "பைலட் வண்டிய ஓரமா எடு." அண்ணன் எடுத்தார். பிறகு சித்தப்பா தம்பியைப் பார்த்தார். "ஏறுடா."

தம்பி ஏறினான்.

நான் சாலையின் நடுவில் நின்றேன். வண்டியும் இல்லை, சாவியும் இல்லை, இனி என்னிடம் குறுக்கே போட என் உடம்புதான் இருந்தது. இழுவை வண்டியின் இன்ஜின் உறுமியது. அவன் முகம் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று என்னால் படிக்க முடியவில்லை. சித்தப்பா என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். நான் அசையவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, தம்பி கீழே இறங்கினான். எங்களைப் பார்க்காமல் பின்னால் போனான். டிரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். காற்று சீறியது. குழாயைப் பிடுங்கினால் டிரெய்லரின் பிரேக் தானாக இறுகிக்கொள்ளும். எட்டு ஆக்ஸிலும் இறுகும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பின் பெரிய முளையைச் சுத்தியலால் தட்டி உருவினான். மேலே ஏறி, இழுவை வண்டியை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். டிரான்ஸ்ஃபார்மர் தலையில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"என்னடா பண்ற?" சித்தப்பாவின் குரல் உடைந்தது.

"வேணும்னா நீங்க தள்ளிக்கிட்டுப் போங்க சித்தப்பா."

சித்தப்பா ரேடியோ அண்ணனைப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க மொதலாளி," என்றார் அவர். "நான் வாலத்தான் ஓட்டுவேன். தலைய ஓட்ட மாட்டேன்."

சித்தப்பா அதன்பிறகு நிறையப் பேசினார். எங்கள் அப்பா செத்தபோது யார் வந்து நின்றது, யார் படிக்க வைத்தது, யார் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தது என்று எல்லாம் சொன்னார். எல்லாம் உண்மைதான். உண்மையாக இருந்ததால் அது இன்னும் அசிங்கமாக இருந்தது. பேசி முடித்துவிட்டு, காரில் ஏறிப் போய், பாலத்துக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஹப் ஆறும்வரை காத்திருந்து, ஜாக்கி கொடுத்து, நான்காவது சக்கரத்தைக் கழற்றினோம். பேரிங்கின் உருளைகள் நீலமாகிப்போயிருந்தன, கிரீஸ் காபித்தூள் போலக் கொட்டியது. உள்வளையம் ஆக்ஸிலோடு வெந்து ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ரேடியோ அண்ணன் சுத்தியலை எடுத்தார்.

"என்கிட்ட குடுங்க."

"தங்கச்சி, நீ ஆபீசுல..."

"ஆபீஸ் நாளைக்குத்தானே. இன்னைக்கு சுத்தியலக் குடுங்க."

தம்பி மண்டிபோட்டு உட்கார்ந்து, வளையத்தின் விளிம்பில் உளியை வைத்துப் பிடித்தான். நான் அடித்தேன். கை அதிர்ந்து தோள்வரை ஏறியது. மறுபடி அடித்தேன்.

"அக்கா," என்றான் மெதுவாக. "வண்டிய அவுத்தது உனக்காக இல்ல."

நான் இன்னொரு அடி அடித்தேன்.

"மேல ஏறி உக்காந்து கீழ பாத்தேன். எனக்குப் பயமாயிடுச்சு. என் உசுருக்காகத்தான் அவுத்தேன்."

"காலையிலயே பயந்திருக்க வேண்டியதுதானே?"

"காலையில உன் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன்."

"இனிமே ரோட்டப் பாரு. நேரா பிடி."

"கையில அடிச்சிடாதக்கா."

"அடிச்சாலும் அடிப்பேன். ஆட்டாம பிடிடா."

வளையம் அசையவில்லை. சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து, இன்னும் உயரமாக ஓங்கினேன்.